கல்லூரி விடுதியில் ஃப்ளூ பரவும்போது: முதல் காய்ச்சலிலிருந்து கடைசிக் கட்டில் காலியாகும் வரை

400 பேர் தங்கும் ஒரு விடுதி, அறைக்கு மூன்று அல்லது நான்கு பேர், ஒரே மெஸ், ஐப்பசி மழை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட இடத்துக்கு. வார்டன், துணை வார்டன், மாடிப் பிரதிநிதி, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எல்லோரும் இதைக் கையில் வைத்து வேலை பார்க்கலாம்.

பெரும்பாலான விடுதிகளில் தவறுவது வேலையின் வரிசை. காய்ச்சல் என்றதும் வராண்டாவில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் வேலை. எத்தனை பேருக்குக் காய்ச்சல், யார் எந்த அறை, எந்த நாளில் தொடங்கியது என்ற கணக்கு மட்டும் நான்காம் நாள்தான் வருகிறது. அதற்குள் ஒரு மாடியில் இருந்தது மூன்று மாடிக்குப் போயிருக்கும். கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. மழைக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃப்ளூவும் டெங்குவும் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் மருந்துக் கடையில் தெர்மாமீட்டர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

100 பேருக்கு 5 கட்டில் என்று கணக்கு வைத்தால் 400 பேர் விடுதிக்கு ஒரே நேரத்தில் 20 நோயாளிகள். அவர்களுக்குத் தேவைப்படுவது இவ்வளவு:

பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை 300. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து, மூன்று நாளுக்கு.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 100. ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும் பெரிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது.

வாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 6, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 3, இரண்டுக்கும் மாற்று பேட்டரி. அவசரத்தில் கைவிடுவது பெரும்பாலும் பேட்டரிதான்.

மூன்றடுக்கு முகக்கவசம் 500, பராமரிப்பவர்களுக்கு என்95 முகக்கவசம் 30, கொசுவலை 20, மூடியுள்ள குப்பைத் தொட்டி 5, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 5 லிட்டர். ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கி இருட்டான அறையில் வையுங்கள்.

இவற்றோடு ஓர் ஆபத்துப் பட்டியலும் வேண்டும்: ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய், வலிப்பு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள். சேர்க்கைப் படிவத்தில் பலர் "எதுவும் இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். வீசிங் இருப்பதைச் சொன்னால் விளையாட்டு அணியில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே படிவத்தை நம்பாமல், மாடிப் பிரதிநிதி மூலம் ஒருமுறை தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "இன்ஹேலர் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டால் பதில் வரும். "ஏதாவது நோய் இருக்கிறதா?" என்று கேட்டால் வராது.

2. எப்போது பரவல் என்று முடிவு செய்வது

ஒரே மாடியிலோ ஒரே வகுப்பிலோ 72 மணி நேரத்துக்குள் மூன்று பேருக்குக் காய்ச்சலோடு இருமலோ தொண்டை வலியோ வந்தால், அன்றே வேலையைத் தொடங்குங்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

காரணம் எளிது. வைரஸ் உடலில் புகுந்து 1 முதல் 4 நாளில், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் வரும். காய்ச்சலுக்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றும். பிறகு 5 முதல் 7 நாள் வரை தொற்றும், முதல் மூன்று நான்கு நாள் மிக அதிகமாக. இன்று உங்கள் கண்ணில் பட்ட மூவர் நேற்றே மெஸ்ஸில் இருமியவர்கள். இரண்டு நாள் தாமதித்தால் ஒரு முழுச் சுற்று கைவிட்டுப் போகும்.

சாதாரண சளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வேகம். சளி மெல்ல மூக்கில் தொடங்கும். ஃப்ளூவில் காலையில் கிரிக்கெட் ஆடியவன் மாலையில் போர்வைக்குள் நடுங்குவான்: 101, 102 டிகிரி, உடம்பு முறிக்கிற வலி, வறட்டு இருமல்.

3. நோட்டுப் புத்தகம்

கணினியில் வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். ஒரு மாணவருக்கு ஒரு வரி. பெயர், அறை எண், வகுப்பு, காய்ச்சல் தொடங்கிய தேதி, இருமல் உண்டா, ஆபத்துப் பட்டியலில் இருக்கிறாரா, மருத்துவர் பார்த்தாரா, பெற்றோருக்குச் சொல்லியாயிற்றா. எதிர்ப் பக்கத்தில் காலை, மாலை வெப்பநிலையும் ஆக்சிஜன் அளவும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரியது: காய்ச்சல் தொடங்கிய தேதிக்குப் பதில், வந்து சொன்ன தேதியை எழுதுவது. திங்கள்கிழமை பதினைந்து பேர் வந்து சொல்வார்கள். பார்ப்பவருக்கு நோய் திடீரென வெடித்ததுபோல் தோன்றும். கேட்டால் பாதிப் பேருக்கு வெள்ளி இரவே தொடங்கியிருக்கும். தொடங்கிய தேதிப்படி கட்டம் போட்ட தாளில் ஆளுக்கு ஒரு கட்டம் நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்தத் தாளில் மட்டுமே தெரியும்.

நோட்டு வார்டன் அறையிலேயே இருக்கட்டும். பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த நாள் முதல் யாரும் காய்ச்சலைச் சொல்ல வரமாட்டார்கள்.

4. வருகைப்பதிவு பயத்தை முதலில் எடுங்கள்

இதை நான்காம் படி என்று எழுதினாலும் நோட்டைத் திறந்த அதே நாளில் முடிக்க வேண்டும். மாணவர் காய்ச்சலை மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் 75 சதவீத வருகை விதி. அடுத்தது இன்டர்னல் தேர்வு. ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, வெப்பநிலை இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள் தேர்வு எழுதிவிட்டு வருவார். அந்த மூன்று மணி நேரமும் அறுபது பேர் உள்ள அறையில் இருமுவார்.

முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய சுற்றறிக்கையில் மூன்று வரி போதும். விடுதி நோட்டில் பெயர் இருக்கும் நாட்களுக்கு வருகை மருத்துவ விடுப்பாகக் கணக்கிடப்படும். தனியாக மருத்துவச் சான்று கேட்கப்படாது. தவறிய இன்டர்னல் தேர்வு பிறகு நடத்தப்படும்.

இரண்டாவது வரியை நிர்வாகம் எளிதில் ஏற்காது, "எல்லோரும் ஏமாற்றுவார்கள்" என்பார்கள். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். சான்றிதழுக்காக 102 டிகிரிக் காய்ச்சலோடு முப்பது பேர் ஒரே கிளினிக் வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மெஸ் தொழிலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகளுக்கும் இதே விதி. நாள் கூலிக்காரர் காய்ச்சலோடு வேலைக்கு வருவது கூலி போய்விடும் என்பதால்தான். காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். சப்பாத்தி தேய்ப்பவர் இருமினால் நீங்கள் செய்யும் மற்ற எல்லாம் வீண்.

5. ஃப்ளூவா, டெங்குவா?

மழைக்காலத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டி எதுவும் செய்யக் கூடாது. தொண்டை வலி, இருமல், மூக்கொழுகல் இருந்தால் ஃப்ளூ பக்கம். இருமலே இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தோல் சிவப்பு, வாந்தி என்றால் டெங்கு பக்கம். மழைத் தண்ணீரில் நடந்தவருக்குக் கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலையும் மருத்துவர் யோசிப்பார்.

இது வெறும் சல்லடைதான். முடிவு மருத்துவருடையது. டெங்கு சந்தேகம் இருந்தால் முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் எழுதிக் கொடுப்பார்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் டெங்குவில் ரத்தக் கசிவை மோசமாக்கும். இங்கே வழுக்குவது மாத்திரையில் அல்ல, ஊசியில். "டாக்டர், ஒரு ஊசி போட்டுவிடுங்கள், நாளைக்குத் தேர்வு" என்று மாணவரே கேட்பார். பல இடங்களில் அந்த ஊசி டைக்ளோஃபெனாக். கூடப் போகிறவரிடம் "டெங்கு சந்தேகம் இருக்கிறது, வலி ஊசி வேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று: ஃப்ளூவில் காய்ச்சல் இறங்கினால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைதான் ஆபத்துக் காலம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் இவற்றை அப்போதுதான் தேட வேண்டும்.

6. தனி அறைகள்

தரைத்தளம், இரு பக்கமும் ஜன்னல், தனிக் கழிவறை, வராண்டாவின் கடைசி. இந்த நான்கும் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விருந்தினர் அறைகள் பல விடுதிகளில் பொருந்தும். இரண்டு கட்டில் போட்ட சிக் ரூம் எதற்கும் காணாது. ஏசி அரங்கு வேண்டவே வேண்டாம்: உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

கட்டிலுக்கும் கட்டிலுக்கும் குறைந்தது ஒரு மீட்டர். ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் போட்டால் முகங்களுக்கு நடுவே இன்னும் இடைவெளி கிடைக்கும். ஜன்னலில் ஒரு மேசை மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அது அறைக்காற்றை வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். நோயாளிமேல் காற்று வீசும்படி வைத்தால் அவர் இருமல் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்.

கொசு வருகிறது என்று மாணவர்கள் மாலை ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்துவார்கள். திட்டிப் பயனில்லை. கட்டிலுக்குக் கொசுவலை கட்டிக் கொடுங்கள், ஜன்னல் தானாகத் திறந்திருக்கும்.

தனி அறைகள் இரண்டு வகை வேண்டும். காய்ச்சலோடு இருமல் உள்ளவர்களுக்கு ஒன்று. இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் உள்ளவர்களுக்கு வேறொன்று, கொசுவலையோடு. டெங்கு சந்தேகக்காரரை ஃப்ளூ அறையில் படுக்க வைத்தால் இரண்டும் சேர்த்து வாங்கிக்கொள்வார். ஆபத்துப் பட்டியலில் உள்ளவர் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறைத் தோழர்கள் விஷயத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் மற்ற மூவரும் பயந்து, போர்வையைச் சுருட்டிக்கொண்டு நண்பன் அறைக்கு ஓடுவார்கள். சில வார்டன்களே "வேறு அறைக்குப் போங்கள்" என்பார்கள். அந்த மூவரில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். மூன்று புது அறைகளுக்கு நோயைக் கொண்டு போய்ச் சேர்த்தாயிற்று. அவர்கள் அதே அறையில் இருக்கட்டும். நான்கு நாள் முகக்கவசம், காலை மாலை வெப்பநிலை. வகுப்புக்குப் போகலாம்; 100 தாண்டினால் உடனே சொல்ல வேண்டும்.

7. நோயாளிக்கு அன்றாடம் செய்ய வேண்டியவை

ஃப்ளூவில் பெரும்பாலான இளைஞர்களுக்கு ஓய்வு, தண்ணீர், காய்ச்சல் மாத்திரை மூன்றும் போதும். ஆனால் மூன்றிலும் கணக்கு தவறுகிறது.

பாராசிட்டமால்: 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, அல்லது 650 ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. விடுதியில் 3 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால் நீங்கள் கொடுப்பது போக, மாணவர் பையில் ஒரு சளி மாத்திரை அட்டை இருக்கும். அந்தச் சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையை வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். கல்லீரல் நோய் உள்ளவருக்கு மருத்துவர் சொல்லும் அளவு மட்டும்.

தண்ணீர்: சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார். அடர் மஞ்சள் என்றால் இல்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரைப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

சாப்பாடு: காலையில் இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம், இரவில் நொய்க் கஞ்சியும் பருப்புத் துவையலும். பசி இல்லாதவரை வற்புறுத்த வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர் கொடுங்கள். தட்டும் டம்ளரும் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி.

ஆவி பிடிப்பதில் தடையில்லை, ஆனால் ஒரே பாத்திரத்தைச் சுற்றி நான்கு பேர் ஒரே போர்வைக்குள் உட்கார்வது நோயைப் பங்குபோடும் வேலை. கொதிநீர்ப் பாத்திரத்தைக் கட்டில்மேல் வைத்து வெந்துபோகிறவர்களும் உண்டு. தரையில் வைத்து, தனித்தனியாக. நிலவேம்புக் குடிநீர் கேட்பவருக்குக் கொடுக்கலாம். வரிசையில் நிற்க வைத்து ஒரே டம்ளரில் ஊற்றாதீர்கள். குமட்டல் உள்ளவருக்குக் கசப்புச் சாறு எதையும் திணிக்க வேண்டாம், குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடும்.

வெப்பநிலை பார்க்கும்போது, சூடான டீ குடித்து அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டருக்கு ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் எண்ணைக் குழப்பும். அவை இல்லாத விரலைப் பிடியுங்கள்.

ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் மூன்று வாங்கி வருவதைத் தடுத்து நிறுத்துங்கள். ஒசெல்டாமிவிர் வேறு விஷயம்: அது ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, 5 நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பிட்டபின் கொடுங்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று நிறுத்தக் கூடாது.

வீசிங் உள்ளவருக்குப் பொது அறையில் நெபுலைசர் வைக்காதீர்கள். அந்தப் புகை அறை முழுக்கப் பரவும். இன்ஹேலரை ஸ்பேசர் குழாயோடு கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

8. யாரை எங்கே அனுப்புவது

நம் நாட்டில் மத்திய சுகாதாரத் துறை ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கச் சொல்கிறது. விடுதிக்கும் அதுவே போதும்.

ஏ: மிதமான காய்ச்சல், இருமல், உடல்வலி. தனி அறை, ஓய்வு. பரிசோதனையும் ஒசெல்டாமிவிரும் தேவையில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

பி: கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும், அல்லது சாதாரண அறிகுறிகளோடு ஆபத்துப் பட்டியலில் பெயர். அன்றே மருத்துவர்.

சி: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல், சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலமாதல். உடனே மருத்துவமனை.

கைக்கு எளிதான சோதனை இது: ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் இருமலும் கூடினால் நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று சேர்ந்திருக்கலாம். "திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

இரவு நேரம் தனிக் கதை. மகளிர் விடுதிகளில் ஒன்பது மணிக்கு வாயில் பூட்டு. இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால், காவலாளி துணை வார்டனை எழுப்ப, துணை வார்டன் வார்டனுக்கு அழைக்க, வார்டன் பெற்றோரிடம் அனுமதி கேட்க, நாற்பது நிமிடம் ஓடிவிடும். முதல் நாளே இவற்றை முடித்து வையுங்கள்:

வாயில் சாவி காவலாளியிடம். "சி அறிகுறி என்றால் யார் அனுமதியும் வேண்டாம், திற" என்ற எழுத்து உத்தரவும் அவரிடம்.

108க்கு யார் அழைப்பது என்று ஒரே ஆள். விடுதியின் பெயர், எந்த வாயில், அருகில் என்ன அடையாளம் என்பதை எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டுங்கள். பெரிய வளாகங்களில் ஆம்புலன்ஸ் முன்வாயிலில் வந்து நிற்கும், நோயாளி பின்வாயிலில் இருப்பார். ஒருவர் சாலைக்குப் போய் நிற்க வேண்டும்.

கூடப் போகிறவர் யார், கையில் எவ்வளவு பணம், ஆதார் நகல், நோட்டுப் பக்கத்தின் நகல். பெற்றோருக்கு அழைப்பது வண்டி கிளம்பிய பிறகு.

இரவு பத்துக்கும் இரண்டுக்கும் ஆறுக்கும் ஒருவர் அறையைச் சுற்றி வர வேண்டும். மாணவத் தொண்டர்களை இதற்கு விட்டால் இருவராக, என்95 முகக்கவசத்தோடு, ஆஸ்துமா இல்லாதவர்களாக.

9. மீதி 380 பேர்

குடிநீர்க் குழாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சங்கிலியில் கட்டிய ஓர் எவர்சில்வர் டம்ளர் தொங்கும். விளையாடிவிட்டு வருகிறவர்கள், மெஸ்ஸிலிருந்து எழுந்தவர்கள், மாத்திரை போட வந்தவர் எல்லோரும் அதில்தான் குடிப்பார்கள். அண்ணாந்து குடிக்கிறேன் என்பார்கள். பாதிப் பேர் வாய் வைப்பார்கள். சங்கிலியை வெட்டி எடுங்கள். ஆளுக்கொரு பாட்டில்.

மெஸ் நேரத்தை மாடிவாரியாகப் பிரித்து நீட்டுங்கள். சாம்பார்க் கரண்டியை ஒவ்வொருவரும் தொடாமல் ஒருவரே பரிமாறட்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு எப்போதும் இருக்க வேண்டும்; தீர்ந்துபோன சோப்புப் பெட்டிக்கு மேல் "கை கழுவுங்கள்" என்ற வண்ணச் சுவரொட்டியைப் பல விடுதிகளில் பார்க்கலாம்.

கல்ச்சுரல்ஸ், கருத்தரங்கு, விடுதி நாள் விழா மூன்றையும் பத்து நாள் தள்ளி வையுங்கள். கல்லூரிப் பேருந்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

10. துடைப்பது

சுருக்கமாகப் போதும். ஃப்ளூ முக்கியமாக இருமல் துளியிலும் காற்றிலும் பரவுகிறது. தரை வழியாக அல்ல. வழவழப்பான பரப்பில் வைரஸ் ஓரிரு நாள் உயிரோடிருக்கும் என்பதால், கை படும் இடங்களை மட்டும் நாளுக்கு இரண்டு முறை துடையுங்கள்: கதவுப் பிடி, சுவிட்ச், குழாய்த் திருகு, படிக்கட்டுக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான்.

0.1 சதவீதக் கரைசல் வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மில்லியை எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டருக்கு 30 கிராம், தெளியவிட்டு மேல் தண்ணீர் மட்டும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து உலோகத்தை வெறும் தண்ணீரில் துடையுங்கள், இல்லையேல் துருப்பிடிக்கும்.

கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஆட்கள்மேல் தெளிப்பதும் கூடாது.

11. ஊருக்கு அனுப்பலாமா?

நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது ஒரு வார விடுமுறை. அன்று இரவே நூறு பேர் அரசுப் பேருந்திலும் முன்பதிவில்லாப் பெட்டியிலும் ஏறுவார்கள். சிலருக்குக் காய்ச்சல், பலருக்கு நாளை வரப்போகிறது. வீட்டில் பாட்டி இருப்பார், அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கும். விடுதியில் படுத்து எழும் நோய் அங்கே உயிருக்கு ஆபத்தாகலாம்.

காய்ச்சல்காரரை அனுப்புவதென்றால் பெற்றோர் தனி வண்டியில் வந்து அழைத்துப் போக வேண்டும். வீட்டில் தனி அறை இருக்க வேண்டும். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடென்றால் இங்கேயே இருப்பது நல்லது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். "உங்கள் பையனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காலை மாலை இரண்டு முறை அழைக்கிறோம்" என்று சொல்லி, சொன்னபடி அழைத்தால் பெரும்பாலான பெற்றோர் பதறி வரமாட்டார்கள்.

12. யாருக்குத் தகவல் சொல்வது

இரண்டாம் படியில் பரவல் என்று முடிவு செய்த நாளிலேயே, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லுங்கள். மாநகராட்சிப் பகுதி என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ஆலோசனைக்கு 104.

கல்லூரியின் பெயர் செய்தித்தாளில் வந்துவிடும் என்று மறைப்பார்கள். மறைத்தால் செய்தி மாணவர் கைபேசி வழியே எப்படியும் போகும், முகாம் மட்டும் வராது. சொன்னால் காய்ச்சல் முகாம் விடுதிக்கே வரும், முதலில் நோயுற்ற சிலரிடமிருந்து தொண்டை மாதிரி எடுத்து என்ன வைரஸ் என்று பார்ப்பார்கள். எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. சிலரிடம் உறுதியானால் மற்றவர்களுக்கும் அதே சிகிச்சை.

ஆய்வாளர் வரும்போது தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் வாளி எல்லாவற்றிலும் கொசுப்புழு தேடுவார். அதற்கு முந்தின நாள் மட்டும் கவிழ்த்து வைக்காமல், வாரம் ஒரு நாள் கவிழ்க்கும் வழக்கத்தைப் பிடியுங்கள்.

13. வகுப்புக்குத் திரும்புவதும் அறையை மூடுவதும்

மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, தொடங்கி ஐந்து நாளும் ஆகிவிட்டது என்றால் தன் அறைக்குப் போகலாம். "மாத்திரை போடாமல்" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி மாத்திரை எப்போது என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இருமல் இரண்டு வாரம் வரை இழுக்கலாம், அதற்காகப் பிடித்து வைக்க வேண்டாம். ஏழாம் நாள் வரை முகக்கவசம் போடட்டும். ஓட்டப்பந்தயமும் ஜிம்மும் ஒரு வாரம் கழித்து.

கடைசியாக ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து ஏழு நாள் புதிதாக யாரும் இல்லையென்றால் பரவல் முடிந்தது. எட்டாம் நாள் மெஸ் நேரத்தைப் பழையபடி ஆக்கலாம். நடுவில் இரண்டு நாள் யாரும் வராததைப் பார்த்துக் கட்டில்களைத் தூக்கிவிடாதீர்கள். வார இறுதியில் ஊருக்குப் போனவர்கள் திங்கள்கிழமை திரும்புவார்கள்.

மூடும்போது மீதமுள்ள மாத்திரை, பாக்கெட்டுகளின் காலாவதி மாதத்தைப் பெட்டி மூடிமேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தெர்மாமீட்டர்களிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், உள்ளே விட்டால் அடுத்த மழைக்குள் கசிந்து கருவியைக் கெடுக்கும். ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்கள், பராமரித்தவர்கள், மெஸ் ஆட்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும், வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். அதனால் விடுதி நாட்காட்டியில் செப்டம்பர் முதல் வாரத்தைக் குறித்து வையுங்கள்.